முகவரி மாறினால் எது மாறும், எது மாறாது?
கல்முனைக் கரையோரத்தில் உலவும் நம்பிக்கைகளும் உண்மைகளும்

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கரையோரத்தில் வீடு மாறாத குடும்பம் அருமை. நாட்டின் பல பக்கங்களில் கல்யாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் இளைய பிள்ளைகளோடு வளவின் மறுகோடியில் இன்னொரு வீடு கட்டிக் குடியேறுவார்கள். அடுத்த மகளுக்கும் மாப்பிள்ளை வந்தால் மறுபடியும் ஒரு நகர்வு. ஒரு கல்யாணத்தோடு இரண்டு, மூன்று பேருடைய முகவரி மாறிவிடுகிறது.

கல்யாணம் மாற்றியது போதாதென்று கடலும் மாற்றியது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். கடற்கரையை ஒட்டியிருந்த தெருக்கள் முழுசாகப் போயின. தப்பியவர்கள் உறவினர் வீடு, முகாம், தற்காலிகக் கொட்டில், வீட்டுத்திட்டம் என்று இடம் மாறி மாறி வந்தார்கள்.

இப்படி அடிக்கடி இடம் மாறும் ஊரில் முகவரி மாற்றம் பழகிப்போன வேலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பலர் பத்து, பதினைந்து வருடம் பழைய முகவரியிலேயே காலத்தை ஓட்டுகிறார்கள். சோம்பல் மட்டும் இதற்குக் காரணமில்லை. முகவரியை மாற்றினால் எதையோ இழந்துவிடுவோம் என்ற பயமும், மாற்றாவிட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்தே ஆட்களைத் தடுக்கின்றன. கந்தோர் வாசலிலும் கடைத்தெருவிலும் அடிக்கடி காதில் விழும் அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "ஊருக்குள்ளதானே மாறினோம், யாருக்குச் சொல்லணும்?"

உண்மை: எங்கள் ஊர்களின் முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஓர் இலக்கம் வரும். சாய்ந்தமருது-05, மருதமுனை-03, கல்முனைக்குடி-12 என்று எழுதுகிறோம். அந்த இலக்கம் கிராம உத்தியோகத்தர் பிரிவைக் காட்டுகிறது. சாய்ந்தமருதில் மட்டும் இப்படி 17 பிரிவுகள். வீடுகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு பிரிவு முடிந்து மற்றது தொடங்குவது சில இடங்களில் ஒரு குறுக்கு வீதியோடு நடந்துவிடும். நடந்து போனால் ஐந்து நிமிடத் தூரம். ஆனால் கிராம உத்தியோகத்தர் வேறு, வாக்காளர் இடாப்பில் பக்கம் வேறு, வாக்களிப்பு நிலையமும் வேறாக இருக்கலாம். கல்முனை நகரில் பிரதேச செயலகமும் வடக்கு உப பிரதேச செயலகமுமாக இரண்டு அலுவலகங்கள் இயங்குவதால், எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்க வேண்டிய கந்தோரே மாறுகிறது.

ஒரே வளவுக்குள் மாறினாலும் கவனம் தேவை. வளவைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது 45 என்றிருந்த இலக்கம் 45/1, 45/2 என்று பிரியும். மாநகர சபையின் சோலைவரிப் பதிவில் இருப்பது ஒன்று, மின்பட்டியலில் இருப்பது வேறொன்று, வாக்காளர் இடாப்பில் இருப்பது மூன்றாவது என்று ஒரே வீட்டுக்கு மூன்று இலக்கங்கள் சேர்ந்துவிடுகின்றன. வங்கியிலோ பாடசாலையிலோ ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடுதான் முதலில் கண்ணில் படும். வளவைப் பிரித்த உடனே புதிய இலக்கத்தைச் சபையில் கேட்டு எடுத்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுவது பின்னால் வரும் அலைச்சலில் பாதியைக் குறைக்கும்.

நம்பிக்கை 2: "ஜி.எஸ்.க்குச் சொல்லியாச்சு, இனி எல்லா இடத்திலும் மாறிடும்."

உண்மை: ஜி.எஸ். என்று ஊர் சொல்லும் கிராம உத்தியோகத்தரிடம் சொன்னதால் மட்டும் மற்ற இடங்களில் மாறாது. ஜேர்மனியில் இருக்கும் எங்கள் உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அங்கே வீடு மாறினால் இரண்டு கிழமைக்குள் நகரசபை அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும், அந்த ஒரு பதிவே பல காரியங்களுக்கு அடிப்படை. இலங்கையில் அப்படி ஒரே இடத்துப் பதிவு இல்லை. வாக்காளர் இடாப்பு தேர்தல்கள் ஆணைக்குழுவுடையது. அடையாள அட்டை ஆட்பதிவுத் திணைக்களத்துடையது. சாரதி அனுமதிப்பத்திரமும் வாகனப் பதிவும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துடையவை. மின்சாரம், நீர் வழங்கல், வங்கி, காப்புறுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. ஒன்றில் மாற்றியதை மற்றது தானாக அறிந்துகொள்ளாது.

ஆனாலும் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குவதுதான் சரியான வழி. அவர் தரும் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு, மற்றக் கதவுகளைத் திறக்கிறது. புதிய பிரிவுக்கு வந்தவர் பழைய பிரிவில் எங்கே பதிந்திருந்தார் என்ற விபரத்தையும் கையோடு கொண்டுபோனால் விசாரணை சுருங்கும். அந்தச் சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. ஒருமுறை எடுத்ததை அலுமாரியில் பத்திரப்படுத்தி வருடக்கணக்கில் பாவிக்க முடியாது. தேவை வரும்போதுதான் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை 3: "மருமகனின் பேரை நம்ம முகவரியில் பதிஞ்சா வீடு அவருக்குப் போயிடும். வாடகைக்காரனைப் பதிஞ்சா அவன் எழும்பவே மாட்டான்."

உண்மை: எங்கள் பகுதியில் ஆழமாக வேரோடிய பயம் இது. மகளுக்கென்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த வீடு என்பதால் பயமும் பெரிதாக இருக்கிறது. ஆனால் வாக்காளர் இடாப்பு ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதை மட்டுமே காட்டும். யாருக்கு உரித்து என்பதைக் காட்டுவது நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி. மகளின் பெயரில் உறுதி இருந்தால் வீடு மகளுடையது. கணவரின் பெயர் இடாப்பில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த உறுதியில் ஓர் எழுத்தும் மாறாது.

இந்தப் பயத்துக்குப் பின்னால் அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒரு சட்டம் இருக்கிறது. பத்து வருடம் காணியை ஆண்டால் உரித்துக் கேட்கலாம் என்பார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்வது அவ்வளவு சுலபமானதல்ல. பத்து வருட ஆட்சி தடையில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல், அது உரிமையாளருக்கு எதிரானதாகவும், அவருடைய உரித்தை ஏற்றுக்கொள்ளாததாகவும் இருக்க வேண்டும். வாடகை கொடுத்து இருப்பவர் ஒவ்வொரு மாதமும் உரிமையாளரை ஏற்றுக்கொள்கிறார். அனுமதியோடு வந்து குடியிருக்கும் மருமகனும் அப்படியே. வாடகைக்காரரைப் பற்றிக் கவலையென்றால் ஒழுங்கான வாடகை ஒப்பந்தமும் பணம் வாங்கிய பற்றுச்சீட்டும்தான் பாதுகாப்பு. இடாப்பில் பெயரை மறைப்பது வீட்டுக்காரருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. வாடகைக் குடும்பத்தின் வாக்கையும், பிள்ளைகளின் பாடசாலை வாய்ப்பையும் மட்டும்தான் அது பறிக்கிறது.

நம்பிக்கை 4: "உறுதி கைக்கு வராத வீட்டில் பேரைப் பதிய ஏலாது."

உண்மை: பதியலாம். வாக்காளர் பதிவுக்கு வேண்டியது வழக்கமாக அங்கே வசிப்பது. உறுதி வேண்டியதில்லை. சுனாமி வீட்டுத்திட்டங்களில் இருப்பவர்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் 200 மீட்டர் என்பது ஊரின் பெரும் பகுதி. மாற்றுக் காணி தேடுவது பெரும் பாடாயிற்று. மருதமுனையில் 65 மீட்டர் வீட்டுத்திட்டம், சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம், கல்முனையில் கிறீன் பீல்ட் என்று புதுக் குடியிருப்புகள் எழுந்தன. அக்கரைப்பற்றுக்கு அப்பால் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றைப் பகிரும் முறை பற்றிய வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு அந்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. வீடு கிடைக்குமா, உறுதி கிடைக்குமா என்று காத்திருந்த அந்தக் காலம் ஒரு தலைமுறையின் மனதில் "உறுதி வரட்டும், பிறகு முகவரியை மாற்றுவோம்" என்ற எண்ணத்தைப் பதித்துவிட்டது.

அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். உறுதிக்கான போராட்டம் தனி. அது தொடர வேண்டியதுதான். ஆனால் இன்று தலைக்கு மேல் இருக்கும் கூரை எதுவோ, அதுவே இன்றைய வதிவிடம். கடல் கொண்டுபோன வளவின் முகவரியில் பெயரை வைத்திருப்பதால் அந்தக் காணியின் உரித்து காக்கப்படுவதில்லை. உறுதியும் வரைபடமும்தான் அதைக் காக்கும்.

நம்பிக்கை 5: "தேர்தல் வரட்டும், அப்போ மாத்திக்கலாம்."

உண்மை: தேர்தல் அறிவித்த பிறகு மாற்ற நினைத்தால் காலம் தாண்டியிருக்கும். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. முன்பு ஜூன் 1ஆம் தேதி எங்கே வசித்தோம் என்பது கணக்கு. 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது பெப்ரவரி 1. புதிதாக 18 வயது நிரம்புகிறவர்களை ஆண்டுக்குள்ளேயே துணை இடாப்பில் சேர்க்கவும் அந்தத் திருத்தம் வழி செய்தது. 2024 நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கு 2024ஆம் ஆண்டு இடாப்பே பாவிக்கப்பட்டது. அந்த வருடம் மார்ச்சில் கல்யாணம் முடித்து நிந்தவூரிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்த மாப்பிள்ளை, நவம்பரில் வாக்களிக்க நிந்தவூருக்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. இடையில் வீடு மாறியதால் வாக்குரிமை அழிந்துவிடாது. அடுத்த திருத்தம் வரை பழைய இடத்தில் அது இருக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் பெயரை வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிக்காது. கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் வாக்காளர் பதிவுப் படிவமான பீ.சீ. படிவத்தில் புதிதாக வந்தவரைச் சேர்க்கும்போது முன்பு பதிந்திருந்த இடத்தையும் எழுத வேண்டும். சேர்க்கப்படும், நீக்கப்படும் பெயர்களின் பட்டியல்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. இணைய வசதி உள்ளவர்கள் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தளத்திலேயே தங்கள் பெயரைத் தேடலாம்.

நம்பிக்கை 6: "பிள்ளைக்கு ஸ்கூல் எடுக்கிற வருஷம் மாத்தினா போதும்."

உண்மை: போதாது. இந்த நம்பிக்கையால் இளம் பெற்றோர் படும் பாட்டை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். அரச பாடசாலைகளில் தரம் ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும்போது, பாடசாலைக்கு அருகில் வசிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே பெரும் பங்கு ஒதுக்கப்படுகிறது. கல்வி அமைச்சின் அண்மைக் காலச் சுற்றறிக்கைகளில் அது நூற்றுக்கு 50. அந்த வகையில் புள்ளி போடும்போது முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்புகளைப் பார்க்கிறார்கள். தாய், தகப்பன் இருவர் பெயரும் அந்த முகவரியில் இருந்தால் முழுப் புள்ளி. ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் புள்ளி குறையும்.

பெண்ணின் பெயர் பிறந்த வீட்டிலேயே பதிவாகியிருக்கும். அதுவே அவளுடைய சீதன வீடு, அவளுக்குப் பிரச்சினையில்லை. மாப்பிள்ளையின் பெயர் மட்டும் அவருடைய உம்மாவின் வீட்டு முகவரியில் கிடக்கும். "தாய்வீட்டில் பேர் இருக்கட்டும்" என்று பாசத்தோடு விட்டது, ஐந்து வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தில் குறையாக வந்து நிற்கிறது. கல்யாணம் முடித்த முதல் வருடமே பெயரை மாற்றியிருந்தால், முதல் பிள்ளை பாடசாலைக்குப் போகும் வயதில் ஐந்து இடாப்புகளும் தயாராக இருந்திருக்கும். மருமகனின் பெயரைப் பதியத் தயங்கும் மாமனார்மார் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தத் தயக்கத்தின் விலையைக் கட்டுவது சொந்தப் பேரப்பிள்ளை.

நம்பிக்கை 7: "அடையாள அட்டையில் பழைய முகவரி இருந்தா அட்டை செல்லாது. மாத்தினா நம்பரும் மாறிடும்."

உண்மை: இரண்டும் தவறு. அடையாள அட்டை முதலில் நீங்கள் யார் என்பதற்கான சான்று. பழைய முகவரி இருப்பதால் வாக்களிப்பு நிலையத்தில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அங்கே பார்ப்பது ஆளையும் இடாப்பில் உள்ள பெயரையும். கடவுச்சீட்டைக் காட்டியும் வாக்களிக்கலாம்.

அட்டை இலக்கத்துக்கும் முகவரிக்கும் தொடர்பே இல்லை. பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் அந்த இலக்கத்துக்குள் இருக்கின்றன. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். 2016 முதல் புதிதாகக் கொடுக்கப்படும் 12 இலக்க எண்ணிலும் அடிப்படை இதுதான்.

ஆனாலும் மாற்றுவது நல்லது. வங்கிக் கணக்குத் திறக்கும்போதும் கடன் கேட்கும்போதும் முகவரிக்குச் சான்று கேட்பார்கள். அட்டையில் ஒன்று, விண்ணப்பத்தில் இன்னொன்று என்றால் வதிவிடச் சான்றிதழ், மின்பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அலைக்கழிப்பார்கள். மின்பட்டியலோ பெரும்பாலும் வாப்பாவின் பெயரில், சில வீடுகளில் மௌத்தாகிவிட்ட மூத்தவாப்பாவின் பெயரில் வரும். திருத்திய அட்டைக்கான விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகம் போய் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் செல்கிறது. சுனாமியில் அட்டையும் உறுதியும் ஒருசேர இழந்து, தான் யார் என்று நிரூபிக்க அலைந்தவர்கள் நிறைந்த ஊர் இது. ஒரு பிரதியை வேறொரு வீட்டிலும், ஒரு படத்தைத் தொலைபேசியிலும் வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நம்பிக்கை 8: "முகவரி மாறினா பாஸ்போர்ட்டும் புதுசு எடுக்கணும்."

உண்மை: வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் வீட்டு முகவரி அச்சிடப்படுவதில்லை. கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இதற்காகக் காசும் நாளும் செலவழிக்க வேண்டாம். அவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கொடுத்த முகவரியும், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் விபரமும், பணம் வரும் வங்கிக் கணக்கின் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் ஆளுக்கு ஒன்று நடந்தால் செய்தி வருவது அந்த முகவரிக்குத்தான்.

நம்பிக்கை 9: "பேரை மாத்தினா குடியும் பள்ளியும் மாறிடும்."

உண்மை: குடி என்ற வம்சக் குழு தாய்வழியாக வருவது. அக்கரைப்பற்றில் பல காலம் ஆராய்ச்சி செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். உம்மாவின் குடியே பிள்ளையின் குடி. எந்த ஊருக்குப் போய்க் குடியேறினாலும் அது மாறாது. பள்ளிவாசலின் ஜமாஅத் பதிவு பள்ளி நிர்வாகம் வைத்திருக்கும் தனி ஏற்பாடு. அரசாங்கத்தின் இடாப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கல்யாணக் கடிதம் போன்ற தேவைகளுக்கு அங்கேயும் ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது.

நம்பிக்கை 10: "தபால்காரருக்கு நம்மள நல்லாத் தெரியும், கடிதம் எப்படியும் வந்து சேரும்."

உண்மை: பல வருடம் அது உண்மையாகத்தான் இருந்தது. எங்கள் தபால்காரர்கள் ஆளின் பெயரையும் வாப்பாவின் பெயரையும் வைத்தே வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் அவர் ஓய்வு பெறுவார், இடமாற்றம் பெறுவார். ஆளைக் காணாத பதிவுத் தபால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நேர்முகத் தேர்வுக் கடிதமும் நீதிமன்ற அழைப்பும் வங்கி அறிவித்தலும் திரும்பிப் போனால் இழப்பு எங்களுக்கே. வீடு மாறிய கிழமையே பழைய பிரதேசத்துத் தபாலகத்தில் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்துவைப்பது பெரிய வேலையல்ல.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் கிராம உத்தியோகத்தர். அடுத்து அந்த வருடத்துக்கான வாக்காளர் படிவம். பிறகு அடையாள அட்டை. அதன் பின் வங்கி, வாகனம், மின்சாரம், தபால். எல்லா இடத்திலும் ஒரே வீட்டிலக்கம், ஒரே வீதிப் பெயர், ஒரே பிரிவிலக்கம்.

கந்தோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் காரியத்துக்கு எந்த ஆவணங்கள் தேவை என்று தெளிவான தமிழில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். "இதையும் கொண்டு வாங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு வயோதிபத் தாயை மூன்று முறை நடக்கவைக்காதீர்கள். ஊர் இளைஞர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் படிவம் நிரப்பும் காலத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் எத்தனையோ குடும்பங்களின் வேலை அன்றைக்கே முடியும்.

இந்த வருடம் உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்திருந்தால் அடுத்த படிவத்தில் மாப்பிள்ளையின் பெயரை எழுதுங்கள். உறுதி மகளின் பெயரிலேயே இருக்கும். பேரப்பிள்ளையின் பாடசாலைக்கான முதல் வருடம் அன்றிலிருந்து கணக்கில் ஏறும்.